ஆவுடையப்பன் வளர்த்த அசோகு

மலையடிவாரத்துக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சோற்றில் முதல் அகப்பை, அங்கே கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு. பிச்சையெடுத்து வந்தவரானாலும் சரி, காரில் வந்து இறங்கியவரானாலும் சரி. தவமணி அம்மா தன் கையால் போடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

தவமணி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அண்ணாச்சிக்கு மகள் வயதில் ஒரு குரு என்று சமையல்கட்டில் கோமு சிரிப்பாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவர் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மரம் மட்டை இல்லாத ஆலைக் குடியிருப்பில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். ஓடுகிற நூலில் எங்கே தொய்வு என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். கண் பட்டதும் கத்தரி பாயும். தொய்ந்த இடத்தை நறுக்கி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் முடிந்துவிட்டால் நூல் மறுபடி விறைப்பாக ஓடும். அந்தச் சின்ன நூல் கத்தரி இப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. வீடு, வாசல், பென்ஷன் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வந்தவர், அதை மட்டும் விடவில்லை.

குடிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒரு நாள் ஓடைக்கரையில் அம்மா தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டார்.

"அம்மா, நான் எப்போ உங்க சீடன் ஆவேன்?"

அம்மா அப்போது ஒரு அசோகங்கன்றை நட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை மண்.

"இந்தக் கன்னை வளத்துக் குடுங்க. வந்து சொல்றேன்."

"எங்க போறீங்க?"

"வடக்கே. நடந்து."

"எப்போ வருவீங்க?"

"வரும்போது."

மறுநாள் கிளம்புகிற நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, இங்கே வருகிறவர்களையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கன்றையும், வருகிறவர்களையும். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

ஆவுடையப்பன் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார். இளங்கன்றுக்கு மேல்வெயில் ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மேற்குப் பக்கம் ஓலைத்தட்டி கட்டினார். ஓடையிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, வேர்ப்பக்கம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். காட்டுச் சருகை அள்ளிவந்து அடியில் பரப்பினார். ஆடு வாய் வைக்காமலிருக்க முள் அடைத்தார். விடிந்ததும் முதலில் கன்றின் முகத்தில் விழித்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார். இது நன்றாக வளர்ந்தால் தன் கேள்விக்குப் பதில் கிடைக்கும். இது பட்டுப்போனால், அதோடு தன் கேள்வியும் பட்டுப்போகும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

கன்று பிழைத்தது. இலைகள் கரும்பச்சையாக, தடிப்பாக, விறைத்து நின்றன. தடவிப் பார்த்தால் கஞ்சி போட்ட துணியைத் தொடுவது போலிருக்கும்.

ஒரு நாள் காலையில் முள்வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மங்கிப்போன செம்பு நிறம். குஞ்சம் குஞ்சமாக, தலைகீழாக, உயிரே இல்லாமல். நேற்று சாயங்காலம் அங்கே சின்ன மொட்டு மாதிரி எதையோ பார்த்த ஞாபகம். ஒரு ராத்திரிக்குள் இப்படி ஆகிவிட்டது. கையை நீட்டித் தொட்டார். குளிர்ந்து, துவண்டு, நனைந்த கந்தல் போல விரலில் வழிந்தது.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் வந்து பார்த்தார். தொங்கியது தொங்கியபடிதான் இருந்தது.

கோமு எட்டிப் பார்த்துவிட்டு, இது கண்ணேறுதான் என்று அடித்துச் சொன்னாள். போகிறவன் வருகிறவனெல்லாம் கன்று செழிப்பாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போகிறான், பின்னே எப்படி இருக்கும் என்றாள். ஓர் எலுமிச்சம்பழத்தையும் நாலு மிளகாயையும் கோத்துக்கொண்டு வந்து கிளையில் கட்டினாள். அவர் அதை அவிழ்க்கவில்லை. ஆனால் அவள் போனதும் சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்தார்.

நுனி நுனியாக நறுக்கினார். செம்புக் குஞ்சங்கள் சருகின் மேல் சத்தமில்லாமல் விழுந்தன. மிச்சமிருந்தது கரும்பச்சை மட்டும். விறைப்பாக, சுத்தமாக, தொய்வே இல்லாமல். ஆவுடையப்பன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சு இப்போதுதான் சீரானது.

கொஞ்ச நாளில் அந்த நோய் திரும்ப வந்தது. அவரும் விடவில்லை. அது வருவதும் இவர் நறுக்குவதுமாக மழைக்காலம் போனது, பனிக்காலம் போனது, அடுத்த கோடையும் வந்து போனது. அண்ணாச்சி மரத்துக்கு முடி வெட்டக் கிளம்பிவிட்டார் என்று கோமு மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வருகிறவர்களையும் அவர் அதே கவனத்தோடுதான் பார்த்துக்கொண்டார்.

சுங்குடிச் சேலை நெய்கிற ஒருவர் வந்தார். வந்த நாளில் உற்சாகமாக விறகு பிளந்தார். ஒரு வாரம் கழித்து, பிரார்த்தனையின் நடுவில் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். மறுநாளும் அழுதார். அதற்கடுத்த நாளும். ஒரு கல்லூரிப் பையன் வந்தான். முதலில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் பெருக்கியவன், பிறகு பகலென்றும் இரவென்றும் இல்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தான். தமிழ் வாத்தியார் ஒருவர், பெருக்கிக்கொண்டிருக்கும்போதே கையில் விளக்குமாற்றோடு நின்றார். மத்தியானம் வரை அப்படியே நின்றார்.

ஒவ்வொரு முறையும் ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போடும். நன்றாக வந்த மனிதர் இங்கே வந்து இப்படி ஆகிவிட்டாரே, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கோபமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். புளிச்சோறு கட்டிக்கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை தானே கூடப் போய், ஜன்னலோர இடம் பார்த்து உட்காரவைத்து, உடம்பு தேறியதும் வாங்க என்று சொல்லி அனுப்பிவைப்பார்.

யாரும் திரும்பி வரவில்லை.

குடிலில் இப்போது பழைய ஆட்கள் மட்டும்தான். எல்லோரும் நேரத்துக்கு எழுந்தார்கள், நேரத்துக்கு உட்கார்ந்தார்கள். முதுகு வளையாமல் தியானம் செய்தார்கள். முதல் அகப்பையை யாருக்குப் போடுவது என்று கோமு கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான், மாசி கடைசியில், இசக்கி வந்தாள்.

முப்பது வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் அவள் அண்ணன் நடத்துகிற ஓட்டலின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்திருந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு அந்த ஓட்டலில்தான் மாவாட்டிக்கொண்டிருந்தாளாம். அண்ணன் கோபம் வந்தால் கை நீட்டுவானாம். அதை அவள் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். வந்த அன்றைக்கே கோமுவின் கையிலிருந்து குழவியைப் பிடுங்கி, ஒரு குடிலுக்கே அரைக்க வேண்டிய தேங்காயை நொடியில் அரைத்து வைத்துவிட்டாள். இப்படி ஒரு கை கிடைத்தால் நான் உட்கார்ந்தே சாப்பிடுவேன் என்று கோமு பூரித்துப்போனாள். ஆவுடையப்பன் இசக்கிக்கு முதல் அகப்பையைப் போட்டபோது, அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஐயா, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சரி என்று தலையாட்டினார்.

ஐந்தாறு நாள் போயிருக்கும். ஒரு காலையில் அவள் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால், மாட்டுத் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. உள்ளங்கையில் ஒரு ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் விரட்டவில்லை. கூப்பிட்டதற்குக் கண்ணைத் திருப்பினாள், அவ்வளவுதான். சாப்பாட்டை முன்னால் வைத்து ஊட்டினால் வாயைத் திறந்தாள். இல்லையென்றால் அதுவும் இல்லை. பொழுது சாய்ந்தபோதும் அதே இடம். மறுநாளும் அதே சுவர்.

இதுவரை வந்தவர்களில் இவ்வளவு மோசமாக யாரும் ஆனதில்லை. பஸ் ஏற்றி அனுப்புகிற நிலையில்கூட இவள் இல்லை. மஞ்சள் பையை எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

கோமு அகப்பையோடு வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளை சொன்னதை நீங்களும்தானே கேட்டிய?"

"கேட்டேன். ரத்த சொந்தம் கொண்டுபோய்ப் பாக்கட்டும். இது ஆஸ்பத்திரி இல்ல."

"அவன் ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோவான்? ஆட்டுக்கல்லுக்குத்தான் கொண்டுபோவான்."

நாளை மத்தியானத்துக்குள் வருவதாக அண்ணன் சொல்லியிருந்தான்.

அந்த நாளை விடிந்தது. அசோகில் மறுபடியும் குஞ்சம் தொங்கியது. எப்போதையும்விட அதிகமாக. ஆவுடையப்பன் கத்தரியை விரித்துக்கொண்டு முதல் நுனியைப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க அண்ணாச்சி?"

திரும்பினால் தவமணி அம்மா. கால் வெடித்து, முகம் கறுத்து, பாதியாக இளைத்திருந்தார். அதே துணிப்பை. ஆவுடையப்பன் கத்தரியோடு கும்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பேச்சு முந்திக்கொண்டு வந்தது. கன்றைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னார். பாழாய்ப்போன ஒரு நோய், கொழுந்து கொழுந்தாக வந்து ஒரே ராத்திரியில் தொங்கிப்போகிறது, தான் இல்லையென்றால் மரமே போயிருக்கும் என்றார்.

"ஒவ்வொரு தடவையும் வெட்டினீங்களா?"

"ஒண்ணுகூட விட்டதில்லம்மா."

அம்மா மரத்தைப் பார்த்தார். அவர் நட்டுவிட்டுப் போனபோது கன்று அவர் இடுப்பளவு இருந்தது. இப்போதும் இடுப்பளவுதான் இருந்தது. தண்டு மட்டும் பருத்து, கணுவுக்குக் கணு முடிச்சு விழுந்து, இலையெல்லாம் முதிர்ந்து கறுத்துக் கிடந்தது. அம்மாவின் உதடு வெளுத்துப்போனதை ஆவுடையப்பன் கவனித்தார். நடந்து வந்த களைப்பு என்று நினைத்தார். அம்மா ஒரு கையைத் தண்டின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு, வந்தவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டார்.

அவர் அதையும் ஒளிக்காமல் சொன்னார். நெசவாளர், பையன், வாத்தியார். எப்படி நன்றாக வந்தார்கள், எப்படித் துவண்டுபோனார்கள், எப்படிப் பக்குவமாக அனுப்பிவைத்தார். இப்போது ஒருத்தி இருக்கிறாள், மத்தியானம் அவள் அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான், அதோடு குடில் சுத்தமாகிவிடும் என்றார்.

அம்மா கையை நீட்டினார்.

"கத்தரியைக் குடுங்க."

கொடுத்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மா ஓடையோடு மேலே நடக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாமே என்று பின்னாலிருந்து சொல்லிப்பார்த்தார். அம்மா திரும்பவில்லை. முழங்கால் வலிக்கிறதென்று ஆவுடையப்பன் அந்தப் பக்கம் ஒரு நாளும் ஏறினதில்லை. இன்றைக்கு ஏறினார்.

பாறைகளைச் சுற்றிக்கொண்டு ஓடை திரும்புகிற இடத்தில் அம்மா நின்றார். எதிரே ஒரு பெரிய மரம், தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்றது.

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அடிமரத்திலிருந்தே பூத்திருந்தது. மரப்பட்டையைப் பிளந்துகொண்டு கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறப் பூக்கள். ஆனால் அவர் கண் பூவில் நிற்கவில்லை. மேலே, கிளை கிளையாக, நுனி நுனியாக, மரம் முழுக்க அந்தச் செம்புக் குஞ்சங்கள் தொங்கின. நூறா, ஆயிரமா, தெரியவில்லை. ஒரு மரத்தையே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது போல.

"ஐயோ. இதுக்குமா?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

அம்மா ஒரு கிளையை வளைத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆவுடையப்பன் நூலைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்த்தார். நுனியில் பிடித்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். நுனியில் செம்பு நிறம். துவண்டு, குளிர்ந்து, கந்தல் மாதிரி. தெரிந்ததுதான். அதற்கு அடுத்த கணுவில் இருந்ததும் தொங்கியது. ஆனால் நிறம் வெளிறி ரோஜாப்பூ நிறமாக இருந்தது. அதற்கடுத்தது இளம்பச்சை. முக்கால்வாசி தொங்கி, காம்பு மட்டும் லேசாக நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்தது நல்ல பச்சை. பாதி நிமிர்ந்திருந்தது. அதற்கடுத்தது கரும்பச்சை. தடித்து, விறைத்து, கஞ்சி போட்ட துணி மாதிரி.

விரல் நின்றுவிட்டது.

மறுபடி நுனிக்குப் போனார். மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கும் அறுபடவில்லை. எங்கும் முடிச்சு இல்லை. கிளையை விட்டுவிட்டு இன்னொரு கிளையை இழுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. இன்னொன்று. அதுவும்.

"அம்மா... இது நோய் இல்லையா?"

நுனியை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

"தளிரா?"

கிளை அவர் கையிலிருந்து நழுவி மேலே போனது. குஞ்சங்கள் ஆடின. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரலில் கத்தரி பட்டுப் பட்டுக் காய்ப்பு ஏறியிருந்தது. நெசவாளரின் தோள்கள் குலுங்கியது நினைவுக்கு வந்தது. விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்ற வாத்தியார். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, எதற்கு அனுப்புகிறார்கள் என்றே தெரியாமல் போன அந்தப் பையன்.

பிறகு, சூரியன் எங்கே இருக்கிறதென்று பார்த்தார்.

முழங்காலை மறந்துவிட்டார். பாறைகளில் உட்கார்ந்தும் சறுக்கியும் இறங்கினார். ஓரிடத்தில் செருப்பு கழன்று ஓடையோடு போனது.

குடில் வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இசக்கி மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தாள். நிறுத்திவைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். அவள் அண்ணன் முப்பிடாதி, வெள்ளைச் சட்டையில், அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். பிடித்த இடத்தில் அவள் தோல் வெளுத்திருந்தது. ஆட்டோவுக்கு முன்னால் கோமு இடுப்பில் கை வைத்து நின்றாள். பெரியவர் வராமல் வண்டி நகராது என்பது ஒன்றையே அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகத்தான் நிற்கிறேன் என்றான்.

ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது.

"அவ வரல."

"நீங்கதானே போன் போட்டிய?"

"ஆமா."

"இப்ப என்ன?"

"தப்புப் பண்ணிட்டேன்."

முப்பிடாதி சிரித்தான். சுற்றி நின்றவர்களையும் ஒரு பார்வை பார்த்தான்.

"இத்தனை வயசுக்கு ஒரு பேச்சுல நிக்கத் தெரியலையே பெரியவரே. நீருதான் இங்க மத்தவங்களுக்கு ஞானம் சொல்லுதீரா?"

அது அவருக்கு உறைத்தது. உறைத்ததை அவர் மறைக்கவில்லை. அவனை விட்டுவிட்டு இசக்கியின் முன்னால் போய் நின்றார். அவள் வந்து இத்தனை நாளில் அவளை ஒன்றுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"தாயி, உனக்குப் போகணுமா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. வாயைத் திறக்கவில்லை. மஞ்சள் பை மட்டும் அவள் கையிலிருந்து கீழே விழுந்தது. நழுவியதா, போட்டாளா, தெரியாது. ஆனால் அவள் குனிந்து அதை எடுக்கவில்லை.

எடுக்கக் குனிந்தவன் முப்பிடாதி. அதற்காக அவள் முழங்கையை விட்டான். அவன் நிமிர்வதற்குள், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக, ஆவுடையப்பன் இருவருக்கும் நடுவில் நின்றார். கோமு இந்தப் பக்கம் வந்தாள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தியானக் கூடத்திலிருந்து எழுந்து வந்து நின்றார்கள். மேலேயிருந்து இறங்கி வந்த தவமணி அம்மா, கூட்டத்தில் ஒருவராக ஓரமாக நின்றுகொண்டார். முப்பிடாதி எல்லோரையும் பார்த்தான். இவளுக்கு எத்தனை நாள் சோறு போடுவீர்கள் என்று தானும் பார்க்கிறேன் என்று சொன்னான். பையைத் தூக்கி ஆட்டோவில் எறிந்துவிட்டு ஏறிக்கொண்டான். சாலை திரும்பும் வரை அவன் குரல் கேட்டது.

இசக்கி நடந்துபோய்த் தொழுவத்துச் சுவரில் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆவுடையப்பன் அம்மாவிடம் வந்தார்.

"மத்தவங்க, அம்மா?"

"எங்க போனாங்க?"

"தெரியாது. பஸ் ஏத்திவிட்டேன். அதுக்கு மேல கேக்கல."

அம்மா ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுனதை என்னால ஒட்டவைக்க முடியாது அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார். இரண்டடி நடந்தார். திரும்பினார்.

"நான் வெட்டின மரம்?"

"காலையில பாத்தீங்கல்ல? இன்னும் தளிர் விட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. தொழுவத்துச் சுவர் வரைதான் கால் போனது. இசக்கி ஒரு முனையில் இருந்தாள். அவர் மறுமுனையில் சரிந்து உட்கார்ந்தார். முதுகு வளைந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கைகள் இரண்டும் மடியில் மல்லாந்தன. அழுகைகூட வரவில்லை.

மத்தியான மணி அடித்தது. எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையைச் சரிபார்க்கிற மனிதர் எழுந்திருக்கவில்லை. கோமு போய்க் கூப்பிட்டாள். கண் மட்டும் திரும்பியது. பகலில் அவர் சாய்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பயந்துபோய், ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், முகத்தில் அடிக்க.

"எந்திரிங்க அண்ணாச்சி, எல்லாரும் பாக்காங்க."

"தொடாத, கோமு," என்றார் தவமணி அம்மா.

செம்பை வாங்கி அவர் பக்கத்தில் வைத்தார். தொழுவத்தில் சாத்தியிருந்த ஒரு ஓலைத்தட்டியைத் தூக்கிவந்து, வெயில் அவர் மேல் விழாதபடி மேற்குப் பக்கமாகச் சாய்த்துவைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

கோமு சோற்றுப் பானையைக் கொண்டுவந்து இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் அகப்பை இசக்கிக்குத்தானே என்று கேட்டாள்.

"அவ முன்னாடியே வந்துட்டா."

"இன்னிக்கு வேற யாரும் வரலையேம்மா."

தவமணி அம்மா அகப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஒருத்தர் வந்திருக்காரு. சுவரோரமா உக்காந்திருக்காரு பாரு."